நல்ல காரியத்திற்குக் கெட்ட வாதமா?

நமது கூட்டங்களில் பேசிப் பழகும் இளைஞர்களில் சிலர், "எடுத்துக்கொண்ட காரியம் நல்லதாயிருந்தால், அதற்காகச் சொல்லும் வாதத்தில் கொஞ்சம் பழுது இருந்தால்தான் என்ன? ஜனங்கள் நல்ல வழிக்கு வந்தால் போதாதா?" என்று நம்மைக் கேட்பதுண்டு. கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். இதற்குப் பதிலாக நாம் 1934ல் நடந்த ஒரு சங்கதியை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

அவ்வருஷம் ஜனவரி மாதம் 15ந் தேதி பிற்பகலில் நேபாளத்திலும் பீகாரிலும் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. மோங்கிர் பட்டணம் அநேகமாய் மண்மேடாகிவிட்டது. வயல்களில் பூமி வெடித்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. பதினாயிரத்திற்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அச்சமயம் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த காந்தியார், அம்மாதம் 24ந் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, இப்பூகம்பம் நம்முடைய பாவத்திற்காக, அதாவது தீண்டாமைக்காக, கடவுள் அனுப்பிய தண்டனையென்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கும் அவருக்கும் பேதமில்லை. ஒழிக்கும் வழியில் இருந்த பேதம் வேறு கதை. அதை இங்கு இழுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு பேச்சுக்குள் எத்தனை வேலைகள் நடக்கின்றன என்பதைப் பாருங்கள். தீண்டாமை இருந்தது, பிறகு பூமி ஆடிற்று. ஆகவே தீண்டாமையால் ஆடிற்று என்பது முதலாவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சிரித்துக்கொண்டு சொல்லும் கதைதான் இது. வடமொழிக்காரர்கள் இதையே காகதாலீய நியாயம் என்பார்கள். பிணங்கள் இன்னும் தோண்டி எடுக்கப்படாத சமயத்தில், கேட்பவர்களின் நெஞ்சிலுள்ள திகிலைப் பிடித்துக்கொண்டு பேசுவது இரண்டாவது. சொல்லுகிறவர் மகாத்மா என்பதே அத்தாட்சியின் இடத்தில் உட்கார்ந்துகொள்வது மூன்றாவது.

ஒரு வாதத்தைச் சோதிக்க நாம் கையாளும் வழி மிகவும் சுலபமானது. அதை எதிரியின் வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். "தீண்டப்படாதாரைக் கோவிலுக்குள் விடும்படி காந்தி கிளர்ச்சி செய்தார், அதனால்தான் தெய்வம் கோபித்தது" என்று ஒரு சனாதனி சொன்னால், இவர் வாதத்துக்கும் அவன் வாதத்துக்கும் நூலளவாவது வித்தியாசம் உண்டா? இந்த ஆபத்தைக் கவி தாகூர் அப்பொழுதே கண்டார். இம்மாதிரி வாதம் காந்தியாரைவிட அவருடைய எதிரிகளுக்கே அதிகப் பொருத்தமானது என்று மறுப்பு எழுதி அவருக்கே அனுப்பினார். காந்தியார் அதைத் தமது ஹரிஜன் பத்திரிகையிலேயே 1934 பிப்ரவரியில் வெளியிட்டார். இந்த யோக்கியதையை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தங்களைக் கண்டித்து எழுதியதைத் தாங்களே அச்சிடும் தலைவர்கள் இன்று எத்தனைபேர்?

ஆனால் அவர் சொன்ன சமாதானந்தான் மூலத்தைவிட மோசமாயிருந்தது. இச்சம்பந்தத்தைத் தம்மால் நிரூபிக்க முடியாதென்றும், உள்ளுணர்ச்சியால் உணர்வதாகவும், தமது நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் அது நன்மையையே செய்யும் என்றும் அவர் எழுதினார். நன்மை செய்யும் என்பதால் ஒரு சேதி உண்மையாகிவிடுமா? பூச்சாண்டி வருகிறான் என்றால் பிள்ளை சோறு உண்ணுகிறது. அதனால் பூச்சாண்டி இருக்கிறான் என்று ஆகுமா?

அன்றியும், தீண்டாமையில் பீகாருக்குச் சற்றும் இளைக்காத திருநெல்வேலியில் அன்று ஒரு வீடும் இடியவில்லையே, அதற்கென்ன அர்த்தம்? பூமி ஆடாத ஊரில் தீண்டாமை பாவமில்லையா? பீகாரில் இடிந்த சுவர்களின் கீழ் தீண்டப்படாதாரும் செத்தார்களே, அவர்கள் யாரைத் தீண்டமாட்டேன் என்றார்கள்? ஒரு மனிதனை மனிதன் கிட்டே வராதே என்பது அநியாயம் என்பதற்குக் காரணம் அந்த மனிதனிடத்திலேயே இருக்கிறது. அதைப் பூகம்பத்தின் தலையில் ஏற்றினால், பூமி அடங்கியவுடன் காரணமும் அடங்கிவிடும்.

பூமி ஆடியதன் சங்கதி இன்று பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு வருஷத்திற்குச் சில செண்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவின் தட்டுக்குக் கீழே நெருக்குகிறது. நெருக்கம் தாளாமல் பாறை வழுகும்போது பூமி குலுங்குகிறது. 2015 ஏப்ரல் 25ந் தேதி நேபாளத்தில் மறுபடியும் குலுங்கி, ஒன்பதாயிரம் பேர்வரை மாண்டார்கள். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது இடிந்து விழுந்த வீடுகளே. தண்டனை என்று நம்புகிறவன் பிராயச்சித்தம் செய்வான். காரணம் தெரிந்தவன் சுவரைப் பலமாகக் கட்டுவான்.

இனி நம்மவர்கள் விஷயத்திற்கு வருவோம். எங்காவது தேர் சாய்ந்து பக்தர்கள் நசுங்கினால், "பார்த்தீர்களா, கடவுள் இல்லை என்பதற்கு இதோ அத்தாட்சி" என்று நமது மேடைகளில் முழங்குவது உண்டு. நாமும் கைதட்டியிருக்கின்றோம். தேர் இழுப்பவனைச் சாமி காப்பாற்றும் என்று சொன்னவனுக்கு அது பதிலாகலாம். அதற்குமேல் அது ஒன்றையும் நிரூபிக்காது. தேர் சாய்ந்தது அச்சு முறிந்ததாலோ, பாதை சரிந்திருந்ததாலோ, சக்கரத்துக்குக் கட்டை போட்டவன் தவறியதாலோதான். நாளைக்கு நமது பிரசாரகர் ஒருவர் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனால், "நாத்திகம் பேசியதன் பலன்" என்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவார்களே, அன்றைக்குத் தேரைக் காட்டிக் கைதட்டிய நாம் அவர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?