பதிவுக் கணினிக்கு எந்த உரிமம்?

தம்போய் தொழிற்பேட்டையில் பணிமனையோ கிடங்கோ வைத்திருப்பவர்கள் வாசலில் ஒன்று, பின்கதவில் ஒன்று, கல்லாவுக்கு மேல் ஒன்று எனக் கேமராக்களைப் பொருத்துகிறார்கள். காட்சிகளைப் பதிவு செய்வதோ, அலுவலகத்தில் ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய கணினி. கேமராவைப் பேரம் பேசி வாங்குபவர்கள், அந்தக் கணினியில் உள்ள விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய நேரம் இது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. புதுப்பிப்பு இல்லாத கணினி இணையத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் 'வானாக்ரை' காட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

சரி, எதை வாங்குவது? முதலில் பதிவு மென்பொருளை முடிவு செய்யுங்கள். 'புளூ ஐரிஸ்' என்றால் விண்டோஸ்தான் வேண்டும். 'ஃப்ரிகேட்', 'சோன்மைண்டர்' போதும் என்றால் லினக்ஸே போதும். உரிமக் கட்டணம் இல்லை. உபுண்டு 24.04 எல்டிஎஸ் பதிப்புக்கு ஐந்தாண்டு இலவச ஆதரவு உண்டு. ஆனால், பழுது பார்க்க லினக்ஸ் தெரிந்த ஓர் ஆள் கைவசம் இருக்க வேண்டும்.

விண்டோஸ் என்றால் 'ஹோம்' வேண்டாம், 'புரோ' நல்லது. புதுப்பிப்பு எப்போது நடக்க வேண்டும் என்பதைப் புரோவில் கூடுதலாகக் கட்டுப்படுத்தலாம். வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைந்தும் பார்க்கலாம். நள்ளிரவில் கணினி தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கி, கடவுச்சொல் கேட்டபடி காலை வரை நின்றால் பதிவு இருக்காது. திருடன் அன்றைக்கே வந்தால்?

பதிவைத் தவிர வேறு வேலையே இல்லாத கணினிக்கு 'ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி' என்ற பதிப்பு உண்டு. புதிய வசதிகள் என்று அடிக்கடி மாறாது. விண்டோஸ் 11இன் 2024 எல்டிஎஸ்சி பதிப்புக்கு 2034 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். கடைகளில் பெட்டியாகக் கிடைக்காது. பெரும்பாலும் கணினி தயாரிப்பவர் வழியாக வரும். சர்வர் பதிப்பு சிறு அலுவலகத்துக்குத் தேவையில்லாத செலவு.

இன்னொன்று: கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்தோடு முடிந்துவிடும். தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் இருபது, முப்பது வெள்ளிக்கு விற்கும் சாவிகள் வேலை செய்யலாம். வேலை செய்வதாலேயே அவை உரிமம் ஆகிவிடாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஒவ்வொரு கள்ளப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. மிச்சம் பிடித்த காசு அதற்கு ஈடாகுமா?

உரிமத்தோடு வன்தட்டையும் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிகாபைட் நிரப்பும். எட்டுக் கேமராக்களின் முப்பது நாள் பதிவுக்கு 10 டெராபைட்டுக்கு மேல் வேண்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்கள், சொந்த இயங்குதளத்தோடு வரும் தனிப் பதிவுப் பெட்டியை வாங்கலாம். ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்கள் நாளைக் காலையில் இரண்டு வேலை செய்யுங்கள். விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். உரிம ரசீதைத் தேடி எடுங்கள். பிறகு கணினியை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கிப் பாருங்கள். யாரும் தொடாமலே பதிவு தொடங்கினால், இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.