இனாம் வைத்தியமும் இழந்த கூலியும்

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கிளியூர். நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அங்கே காப்பித் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் போகும் ஜனங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த ஜனங்களில் ஒரு தாய் நம்மிடம் ஒரு கணக்குச் சொன்னார். மருமகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு காசு கூட வாங்கவில்லையாம். ஆனாலும் கடன்பட்டுத்தான் வீடு திரும்பினார்களாம்.

இது எப்படி என்று கேட்டோம். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மாதப் பரிசோதனைக்குப் போகும் நாளில் மருமகளுக்குக் கூலி இல்லை. துணைக்குப் போகும் மாமியாருக்கும் கூலி இல்லை. பிரசவத்துக்காகச் சேலத்துக்கு இறங்கியபோது, உள்ளே ஒருவர் துணை இருக்க, வெளியே மகன் காத்துக் கிடந்தார். வீட்டில் உழைக்கும் மூன்று பேருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வருமானம் இல்லை. சோற்றுக்கும், டீக்கும், பஸ்ஸுக்கும் மேஸ்திரியிடம் முன்பணம். அதைக் கழிக்க இரண்டு மாதம். அவர்கள் வேலை செய்வது சிறு தோட்டத்தில். பேர் பதிவு கிடையாது; வேலை உண்டென்றால் கூலி, இல்லையென்றால் இல்லை.

வைத்தியம் இனாம், நோயாளியாக இருப்பதற்குத்தான் செலவு! கிராமத்துக் குடும்பங்களின் சுகாதாரத்துக்காகச் சட்டசபை மெம்பர்கள் எடுக்கும் முயற்சிகளை நாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நடந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2009-ல் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2025 ஆகஸ்டில் முழு உடல் பரிசோதனை முகாம்கள் ஆரம்பமாயின. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவிகிதம் ஆஸ்பத்திரிகளில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது சாமான்ய விஷயமல்ல. இராப்பகலாக மலையேறி இறங்கிய கிராம சுகாதார நர்சுகளின் உழைப்பு இதில் இருக்கிறது.

ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு இரத்த சோகை. பிரசவத்துக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. பிரசவிக்கும் உடம்பில் இரத்தம் இல்லை! முகாமில் இரத்தம் எடுத்துச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கலாம். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுக்கலாம், அதுவும் அவசியம்தான். ஆனால் கீரையும் முட்டையும் பருப்பும் கூலியிலிருந்துதான் வர வேண்டும். பேறு காலத்தில் கூலி நின்றுபோனால் முதலில் குறைவது அந்தத் தாயின் சோறுதான்.

இங்கேதான் மில் தொழிலாளிக்கும் மலைக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளத் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. என்றால் என்னவென்று தெரியும். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அந்த ஏற்பாட்டில், படுத்துவிட்ட தொழிலாளிக்கு வைத்தியம் மட்டுமல்ல, சம்பளத்தில் 70 சதவிகிதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. பிரசவித்த பெண் தொழிலாளிக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எத்தனையோ குறைகள் உண்டு, வாஸ்தவம். ஆனாலும் படுத்தால் கூலி உண்டு என்பது அங்கே சட்டம்.

மலையில் அன்றாடக் கூலிக்குப் போகிறவளுக்கும் சமவெளியில் நாற்று நடுகிறவளுக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் உள்ள மகப்பேறு உதவித் திட்டம். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் பின்னால் ஜனங்களின் தேவையும் கோரிக்கையும் நின்றன. அந்த 18,000-ல் ரொக்கம் 14,000. மீதி 4,000-க்குச் சத்துணவுப் பெட்டகம். மில் தொழிலாளிக்குள்ள 26 வாரம், அதாவது 182 நாளுக்கு இந்த ரொக்கத்தைப் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 77 ரூபாய்! பெட்டகத்தையும் காசாகக் கணக்கிட்டால் கூட 99 ரூபாயை எட்டவில்லை. இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் எந்தத் தாய் வீட்டிலிருக்க முடியும்? கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கத்தான் போவாள்.

மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரசவ உதவி 6,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று எழுதி வைத்தது. 2017-ல் வந்த திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 என்றது. நாடாளுமன்றம் எழுதிய எழுத்தையே சர்க்கார் மதிக்கவில்லை.

அந்தத் தமிழ்நாட்டுத் திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலட்சுமி அம்மையாரே ஒரு சட்டசபை மெம்பர்தான். 1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் டாக்டர். தினம் நூறு பேருக்கு மருந்து கொடுத்துப் பேர் வாங்கியிருக்கலாம். ஆனால் சபைக்குள் அவர் செய்தது வேறு. தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வாதாடினார். 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியை உதறிவிட்டு வெளியேறினார். மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை; நோய்க்குக் காரணமான ஏற்பாட்டை மாற்றுவது சட்டசபை மெம்பரின் வேலை என்று அவர் அறிந்திருந்தார்.

அந்நிய நாட்டிலும் உதாரணம் உண்டு. பிரிட்டனில் அனூரின் பெவன் என்பவர் 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளி. அவருடைய ஊரான டிரெடிகரில் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறு தொகை போட்டு, டாக்டரை வைத்து வைத்தியச் சங்கம் நடத்தினார்கள். பெவன் பார்லிமெண்ட் மெம்பரானார், பின்பு சுகாதார மந்திரியானார். தம் ஊர்ச் சங்கம் செய்ததை நாடு பூராவுக்கும் விரித்தார். 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் யாருக்கும் வைத்தியம் இலவசம் என்றாயிற்று. யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. தொழிலாளி கண்ட வழி தேசத்தின் சட்டமாயிற்று.

நம் மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் காப்பி ஏறி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்த செடி அது. துரை போனார், செடி நின்றது. அதைச் சுற்றிக் கூலியும் நின்றான். தோட்டத் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி, நோய்க்காலப் படி, குடியிருப்பு, குழந்தைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்று எழுத 1951-ல் ஒரு சட்டம் வந்தது. பெரிய தோட்டங்களில் தொழிற்சங்கம் பலமாக இருந்த இடங்களில் அது கொஞ்சம் நடந்தது. சிறு தோட்டங்களை அது தொடவே இல்லை.

இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்திருந்த வேளையில், நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றி நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அவை அமலுக்கு வந்தன. 1951-ம் ஆண்டுச் சட்டம் அதில் கரைந்து போயிற்று. புதிய தொகுப்பின்படி தோட்டத்தை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். எப்போது? முதலாளி விரும்பினால்! தொழிலாளியின் உடம்புக்கு முதலாளியின் விருப்பமா உத்தரவாதம்? தோட்டத்தில் வைத்திய வசதி, காப்பகம், குடியிருப்பு ஆகியவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில சர்க்காரிடம் இருக்கிறது. ஆகவே மலைத் தொகுதியின் மெம்பருக்குக் கோட்டையில் வேலை இருக்கிறது.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். அந்த இரண்டு குரலும் சபையில் ஓங்கி ஒலிக்க வேண்டும். 2019 முதல் மெம்பரின் தொகுதி வளர்ச்சி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கட்டிடம் கட்டலாம், சாலை போடலாம், செய்யட்டும், வரவேற்போம். ஆனால் கட்டிடத்துக்குள் இரவு நேரத்தில் டாக்டரையும் நர்ஸையும் வைக்க அந்த நிதி உதவாது. இழந்த கூலியை ஈடு செய்யவும் உதவாது. அதற்குப் பட்ஜெட் வேண்டும், சட்டம் வேண்டும்.

ஆகவே, எந்தக் கட்சியின் மெம்பரானாலும் சரி, நாம் கேட்பது இவை:

பேறு கால உதவியை 26 வாரக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாக்கு. தவணை தவறாமல் கொடு.

ஆஸ்பத்திரியில் படுக்கும் விவசாயக் கூலிக்கும் தோட்டக் கூலிக்கும், துணைக்கு நிற்கும் ஒருவருக்கும் நாள்படி கொடு.

சிறிதோ பெரிதோ, எல்லாத் தோட்டத் தொழிலாளரையும் இ.எஸ்.ஐ.யில் கட்டாயமாகச் சேர்.

மலையில் துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர் என்று தலையை மட்டும் எண்ணாதே. நடக்கும் தூரத்தையும் எண்ணு.

வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கு ஊக்கத்தொகை அல்ல, சம்பளம் கொடு.

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இ.எஸ்.ஐ. சும்மா வரவில்லை, நிலைத்திருப்பதும் சும்மா அல்ல. நீங்கள் பெற்றதை மலைக் கூலியும் வயல் கூலியும் பெறாதவரை உங்களுடையதும் பத்திரமில்லை. 1951-ம் ஆண்டுச் சட்டம் போன வழியைப் பார்த்தோமல்லவா? உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையையும் வைத்துத் தீர்மானம் போடுங்கள்.

அடுத்த முறை மெம்பர் கிளியூருக்கு முகாம் திறக்க வரட்டும். மாலை போடுகிறவர்கள் போடட்டும். அந்தத் தாய் விரல் விட்டு எண்ணிய கணக்கை ஒரு தாளில் எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுப்போம். வைத்தியம் இனாம் என்றால், நோயாளியாகப் படுக்கும் நாளுக்கும் கூலி வேண்டும். அதைச் சபையில் பேசினாரா என்று கேட்க மறுபடியும் கூடுவோம்.