காயத்தின் கணக்கு



தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் நம் காவிரிக் கரை ஊர்களில் கபடித் திடல்கள் களைகட்டும். திருக்கானூர்பட்டி போன்ற ஊர்களில் வாடிவாசல் திறக்கும். விளையாட்டுள்ள இடத்தில் காயமும் உண்டு. முழங்கால் ஜவ்வு கிழிந்த இளைஞனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறோம். கட்டுப் போடுகிறார்கள்; மருந்து தருகிறார்கள். ஆனால், வீடு திரும்பும்போது அவன் கையில் கொடுக்கப்படும் தாளை நம்மில் எத்தனை பேர் வாசித்துப் பார்க்கிறோம்?

நோய்களை வகுத்து எண்ணிடும் முறை நேற்றுத் தோன்றியதன்று. பிரெஞ்சுப் புள்ளியியலார் ஷாக் பெர்த்தியோன் வகுத்த மரணக் காரணப் பட்டியல் 1893-இல் சிக்காகோ மாநாட்டில் ஏற்கப்பட்டது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை ஏற்று, உயிர் பறிக்காத நோய்களையும் காயங்களையும் அதில் சேர்த்தது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனினும் பத்தாம் திருத்தம் இன்னும் பல இடங்களில் வழக்கிலுள்ளது. அதில் ‘எஸ் 83.5’ என்றால் முழங்காலின் குறுக்கு ஜவ்வில் நேர்ந்த காயம். ‘டபிள்யூ 55’ என்றால் மாடு போன்ற விலங்கு முட்டியதால் வந்தது. எவ்விடத்தில் நேர்ந்தது, விளையாடும்போது நேர்ந்ததா என்பதற்கும் தனி எண்கள் உண்டு.

நம் பிள்ளைகளுள் பட்டம் பெற்ற பலர் சென்னையிலும் திருச்சியிலும் அமர்ந்து, அமெரிக்க நோயாளிகளின் ஏடுகளுக்கு இவ்வெண்களை இடுகின்றனர். அங்கே வலக்காலின் முன்குறுக்கு ஜவ்வுக்கு எஸ் 83.511, இடக்காலுக்கு எஸ் 83.512. எந்தக் கால் என்று மருத்துவர் எழுதாவிடில் ஊகித்து எண்ணிட அவர்களுக்கு உரிமையில்லை. எழுதப்படாதது செய்யப்படாததே என்பது அத்தொழிலின் பாலபாடம்.

இஃது அலுவலகச் சடங்கு என்று எண்ண வேண்டாம். 2022 நவம்பரில் சென்னையில் பதினேழு வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்தி, முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை இழந்து, பின்னர் உயிரையும் இழந்தாள். தமிழகமே கலங்கியது. கட்டிய நேரம், விரல்களின் நிறம், சூடு, நாடித்துடிப்பு ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக் குறித்துவரும் வழக்கம், இத்தகைய ஆபத்தை வேளையோடு கண்டுகொள்வதற்காகவே ஏற்பட்டது. அந்தக் குறிப்பேடு நோயாளியின் காவலாளி.

எழுதுவோருக்குள்ள கடமை சொல்வோருக்கும் உண்டு. வீட்டார் ஏசுவார்கள் என்றும், காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்றும் அஞ்சி, “படியில் வழுக்கி விழுந்தேன்” என்று விபத்துப் பதிவேட்டில் சொல்லும் இளைஞர்கள் உளர். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு, மலையேற்றம், வாகனப் பந்தயம் போன்ற ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவோரைக் குறித்தது. ஊர்த் திடலில் பொழுதுபோக்காகக் கபடி ஆடியவன் அதற்கு அஞ்சிப் பொய்யுரைக்கத் தேவையில்லை. மாறாக, சொன்னதும் காயத்தின் தன்மையும் பொருந்தாவிடில் அங்கேதான் ஐயம் பிறக்கும். மேலும், மாடு முட்டிய காயம் படியில் விழுந்த காயமாகப் பதிவானால், எத்தனை பேர் எப்படிக் காயமுற்றனர் என்ற ஊர்க்கணக்கே பொய்த்துப்போகும். பொய்த்த கணக்கைக் கொண்டு அடுத்த ஆண்டு வீரர்களுக்கு எவ்வாறு பாதுகாப்புச் செய்வது?

ஆகவே பெற்றோரே, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெயர், நாள், வலமா இடமா, செய்த சிகிச்சை, மீண்டும் வரவேண்டிய நாள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிழையிருப்பின் அங்கேயே பணிவுடன் திருத்தக் கேளுங்கள். எக்ஸ்ரே படத்தோடு அதையும் நிலப்பத்திரம் வைக்கும் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். நிலத்துக்குப் பட்டா எவ்வளவு முக்கியமோ, பிள்ளையின் காலுக்கு அந்தத் தாளும் அவ்வளவு முக்கியம்.