சந்தைக் கூடையும் கௌரவப் பைத்தியமும்

உலகத்தில் ஒரு பண்டத்தை உண்டாக்குகிறவன் எவனும் அதற்கு விலை இன்னது என்று தானே சொல்லுகிறான். செருப்புத் தைக்கிறவன் சொல்லுகிறான். சட்டை தைக்கிறவன் சொல்லுகிறான். சோப்புக் காய்ச்சுகிறவனோ வாயால் சொல்லுவதோடு நில்லாமல், உறையின் மேல் அச்சடித்தே அனுப்பிவிடுகிறான். குடியானவன் ஒருவன் மாத்திரமே, தான் விளைவித்த கத்திரிக்காயை மண்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "என்ன விலைக்கு எடுத்துக்கறீங்க?" என்று வாங்குகிறவனைக் கேட்கிறான். இவனே உரக்கடைக்குப் போனால் அங்கும் கையைக் கட்டிக்கொண்டு, "என்ன விலைங்க?" என்றுதான் கேட்கிறான். வாங்கும்போதும் பிறத்தியான் சொன்ன விலை, விற்கும்போதும் பிறத்தியான் சொன்ன விலை என்றால், இவனுக்கு வாய் என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்கின்றோம்.

இப்படிக் கேட்டால், "என்ன செய்வது, எல்லாம் தலையெழுத்து" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். தலையெழுத்தாவது, கையெழுத்தாவது! மண்டிக்காரன் எழுதிக் கொடுக்கிற சிட்டையில்தான் எழுத்து இருக்கிறதே ஒழிய, குடியானவன் தலையில் ஒன்றும் இல்லை. அந்தச் சிட்டையை வாங்கிப் பார்த்தால் தரகு என்று ஒன்று, இறக்குகூலி என்று ஒன்று, கழிவு என்று ஒன்று, சில இடங்களில் கோயிலுக்கு மகமை என்று ஒன்று, ஆக இத்தனையும் பிடித்தது போக மீதிதான் இவன் கைக்கு வந்திருக்கும். சாமிக்குக் கொடுக்கிற புண்ணியம் வியாபாரிக்கு, காசு மாத்திரம் குடியானவனுடையது!

இது நேற்று முளைத்த சங்கதியல்ல. 1926-இல் வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த விவசாய ராயல் கமிஷன் 1928-இல் கொடுத்த அறிக்கையிலேயே, சந்தைகளில் குடியானவனிடம் தர்மத்தின் பேரால் பிடித்தம் செய்வதையும், துணியை மூடிக்கொண்டு விரலைத் தொட்டு இரகசியமாக விலை பேசுவதையும், எடைக் கற்களில் நடக்கும் மோசத்தையும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. விளைவித்தவன் எதிரிலேயே, அவனுடைய சரக்குக்கு, அவனுக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் விலை பேசுவதென்றால், அவனை மனிதனாக மதித்ததாக அர்த்தமா என்று யோசித்துப் பாருங்கள். பிறகு 1933-இல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்களின் சந்தைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. பருத்தி, நிலக்கடலை முதலியவற்றுக்கு ஏதோ வழி பிறந்ததே தவிர, காலையில் பறித்தால் மாலையில் வாடிப்போகிற கீரைக்கும் தக்காளிக்கும் வெகு காலம் நாதியில்லாமலே இருந்து வந்தது. வாடிப்போகிற சரக்கு வைத்திருப்பவன் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாதவனிடம் வைத்ததே விலை. மண்டியின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் 1987-இல் பஞ்சாபில் அப்னி மண்டி என்றும், 1999 ஜனவரியில் ஆந்திராவில் ரைத்து பஜார் என்றும், அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணாநகரில் உழவர் சந்தை என்றும் ஏற்பட்டன. மதுரையில் தொடங்கியது இன்று தமிழ்நாட்டில் 100-க்கு மேற்பட்ட ஊர்களில் இருந்து வருகின்றது. அதன் ஏற்பாடு என்னவென்றால், பயிர் செய்கிறவர்தான் என்று நிலத்தைப் பார்த்து உறுதி செய்து, படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகையில்லை. தராசு சந்தையிலேயே கொடுக்கப்படுகின்றது. அன்றன்று காலையில் விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். மொத்த விலைக்கு நூற்றுக்கு 20 மேலேயும், வெளிக்கடைச் சில்லறை விலைக்கு நூற்றுக்கு 15 கீழேயும் இருக்கும்படி வைப்பதென்பது பொது விதி. துண்டுக்கு அடியில் இருந்த விலை பலகைக்கு வந்தது என்பதே நம்மைப் பொறுத்தவரை பெரிய மாறுதலாகும்.

இதில் குடியானவனுக்கு என்ன மிச்சம் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஒருவரிடம் 40 கிலோ வெண்டைக்காய் இருப்பதாகவும், மண்டியில் கிலோ 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுவோம். நூற்றுக்கு 10 வீதம் தரகு 2 ரூபாய், கூலியும் கழிவும் 1 ரூபாய் போக நிற்பது 17. ஆக 40 கிலோவுக்கு 680 ரூபாய். அதையே உழவர் சந்தையில் 24 ரூபாய்க்கு விற்கிறார். 34 கிலோ அந்த விலைக்குப் போய், வெயில் ஏறியபின் மீந்த 6 கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளினாலும், 816-ம் 72-ம் சேர்த்து 888 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் 208 ரூபாய். ஒரு காலைப் பொழுது உட்கார்ந்ததற்கு அது கூலி. ஒரு நாளைக்கு இது அற்பமாகத் தோன்றலாம். மாதத்தில் இருபது நாள் என்று பெருக்கிப் பார்த்தால் 4160 ரூபாய் ஆகிறது. வட்டிக்கடைக்குப் போகாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இது உதவாதா?

இவ்வளவு இருந்தும் நம் குடியானவர்களில் பலர் ஏன் போகிறதில்லை என்றால், முதல் தடை கௌரவப் பைத்தியம். "நாங்கள் நிலபுலம் உள்ள குடும்பம். கூடை வைத்துக் கூவி விற்பதா? ஜாதிசனம் பார்த்தால் என்ன நினைக்கும்?" என்கிறார்கள். மண்டிக்காரன் திண்ணையில் முன்பணத்துக்காக அரை நாள் காத்துக் கிடப்பது கௌரவம், நாலு பேர் எதிரில் தன் பொருளை நியாயமாய் நிறுத்துக் கொடுத்துப் பணம் வாங்குவது கேவலமா? கடன்காரன் வாசலில் தலை குனிவதில் போகாத மானம், தராசு பிடிப்பதில் போய்விடுமா? உழைப்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து தின்பவன் உயர்ந்தவன் என்று எவனோ கட்டி வைத்த ஏற்பாட்டை, உழைப்பவனே நம்புவதால் வந்த வினைதான் இது.

இரண்டாவது தடை முந்தியதைவிட மோசமானது. கூடை தூக்க வெட்கப்படுகிற இதே ஆசாமி, அட்டையை மாத்திரம் வாங்கி வைத்துக்கொண்டு அதை ஒரு வியாபாரிக்கு இரவல் கொடுத்துவிடுகிறார். வியாபாரி மொத்த மார்க்கெட்டில் மூட்டை வாங்கி வந்து, உழவன் என்ற பெயரில் உட்கார்ந்து விற்கிறான். இதனால் என்ன ஆகிறது? விடியற்காலையில் பத்துக்கட்டுக் கீரையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற உண்மையான குடியானவளுக்கு இடமில்லாமல், அவள் வெளிவாசல் மண்ணில் உட்காருகிறாள். அட்டை கொடுத்தவருக்குக் கிடைத்தது ஏதோ சில்லறைக் காசு. அவர் விற்றதோ தன் இனத்தாருக்கென்று ஏற்பட்ட உரிமையை. தரகனை ஒழிப்பதற்கு ஏற்பட்ட இடத்தில் தரகனைக் கைப்பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டு, பிறகு "உழவர் சந்தையினால் ஒன்றும் பயனில்லை" என்று பேசுவது யோக்கியமா? இதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிற உத்தியோகஸ்தர்களும் இதற்கு ஜவாப்தாரிகளே ஆவார்கள்.

மூன்றாவது, மூடநம்பிக்கை. முதல் போணி செய்கிறவனுடைய கைராசி சரியில்லையாம். அதனால் அன்று முழுவதும் வியாபாரம் படுத்ததாம். விதவை முதலில் வந்து கேட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறார்கள். அந்த அம்மாள் கொடுக்கும் பத்து ரூபாய் மாத்திரம் ஒன்பது ரூபாயாகவா செல்லுகிறது? கூடைக்கு மேல் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்துத் தொங்க விடுகிறார்கள். விற்றால் காசாகிற சரக்கைக் கட்டித் தொங்கவிட்டு வீணாக்கிவிட்டு, நஷ்டம் வராமல் அது காப்பாற்றும் என்பதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு உண்டா? தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்களில் எத்தனை பேர், அதில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்?

வியாபாரம் படுப்பதற்குக் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. முற்றிய வெண்டையை இளங்காயோடு கலந்து வைத்தால் வாங்குகிறவன் இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறான். கீரையின் மேல் ஈரச்சாக்கு போடாவிட்டால் எட்டு மணிக்கே வாடுகிறது. சில்லறை வைத்துக் கொள்ளாவிட்டால் வந்தவன் அடுத்த கடைக்குப் போகிறான். ஒரே நாளில் ஒரே பயிரை நட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் காய்த்துக் குவிகிறது. அதையே பத்துப் பத்து நாள் இடைவெளி விட்டுப் பாத்தி பாத்தியாக நட்டால் மாதக்கணக்கில் கூடை நிறைகிறது. இவைதாம் ராசி.

பஞ்சாங்கத்தையே பார்க்க வேண்டாமா என்றால், பாருங்கள் என்றே சொல்லுவோம். ஆனால் நல்ல நேரம் பார்ப்பதற்காக அல்ல. அதை நம்புகிறவர்கள் என்றைக்கு எதை வாங்குவார்கள் என்று தெரிந்து கொள்ளுவதற்காகப் பாருங்கள். புரட்டாசியில் கறி தின்கிறவர்கள் காய்க்குத் திரும்புகிறார்கள். ஆயுத பூசையில் நல்ல பூசணிக்காயை வாங்கி நடுத்தெருவில் உடைக்கிறார்கள். முகூர்த்த நாளில் வாழைக்காயும் வாழையிலையும் ஏறுகின்றன. பூசணிக்காயை உடைப்பது அறிவீனம் என்பதை நாம் சொல்லிக்கொண்டே இருப்போம். அது நிற்கும்வரையில் அந்தப் பணம் தரகனுக்குப் போகாமல் குடியானவனுக்குப் போகட்டுமே.

இனிப் பெண்கள் விஷயம். எந்த உழவர் சந்தைக்குள் நுழைந்து பார்த்தாலும் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் ஏராளம். களை எடுத்தவள் அவள், பறித்தவள் அவள், சுமந்தவள் அவள், விற்கிறவளும் அவளே. பட்டா மாத்திரம் புருஷன் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும், பெண்ணுக்குப் பிதிரார்ஜிதத்தில் ஆணோடு சமபங்கு என்று சட்டம் வந்தாய்விட்டது. சட்டம் வந்தும் பங்கு வராததற்குக் காரணம், அண்ணன் தம்பி மனம் கோணுமே என்ற பயந்தான். கூடையைத் தலையில் ஏற்றுகிறவர்கள் பட்டாவையும் அவள் பேரில் ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? சந்தையில் வந்த பணத்தை அப்படியே புருஷன் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிற்கிற பெண், தரகனிடமிருந்து மாத்திரம் விடுதலை அடைந்தவளே ஒழிய முழு விடுதலை அடைந்தவள் ஆகமாட்டாள்.

பட்டணத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையில் ஒட்டிய விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றும் சொல்லிவிட்டு வருகிறீர்கள். அதே நீங்கள் சந்தைக்கு வந்து, உங்கள் தாயார் வயதுள்ளவளை, "ஏ கிழவி, என்ன விலை சொல்றே? குறைச்சுக் கொடு" என்கிறீர்கள். ஐந்து ரூபாய்க் கொத்தமல்லிக்குப் பத்து நிமிஷம் பேரம்! பலகையில் விலை எழுதியிருக்கிறது, அதைக் கொடுங்கள். "அம்மா" என்றோ "அக்கா" என்றோ வாயார அழையுங்கள். விற்கிற தாய்மார்களும் வாங்க வருகிறவனை "சாமி, மகராசா" என்று கும்பிடுவதை விட்டுவிடவேண்டும். நிறுத்துக் கொடுத்தாய்விட்டது, காசு வாங்கியாய்விட்டது. இதில் சாமி எங்கே வந்தது?

நிற்க. "ஐந்து ஏக்கர் தக்காளி போட்டவன் அத்தனையையும் கூடையில் வைத்தா விற்பான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முடியாது. பெருவாரியான விளைச்சலுக்கு மண்டியும், கிடங்கும், குடியானவர்களே கூடி நடத்தும் கூட்டு விற்பனையும் வேண்டியதுதான். ஆனால், கொஞ்சத்தையேனும் தானே நேரில் விற்கிறவனுக்கு, ஊரில் என்ன விலை நடக்கிறது என்பது தெரிந்திருக்கும். அது தெரிந்தவனை மண்டிக்காரன் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

"பலகை விலையும் கமிட்டி வைத்த விலைதானே, குடியானவன் வைத்தது அல்லவே?" என்றும் கேட்கலாம். அதுவும் வாஸ்தவமே. அதற்காகச் சந்தையை விட்டு ஓடுவதா, அல்லது அந்தக் கமிட்டியிடம் போய் விதைக்கும் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் ஆன கணக்கைக் காட்டி வாதாடுவதா? கணக்கு எழுதுகிறவன் வாதாட முடியும். எழுதாதவன் அழத்தான் முடியும்.

கடைசியாக, சர்க்கார் சமாச்சாரம். 2001-இல் ஆட்சி மாறியதும் இந்தச் சந்தைகளில் பல கவனிப்பாரற்றுப் போய்ச் சில இடங்களில் பூட்டியும் கிடந்தன. 2006-இல் ஆட்சி மாறியதும் மறுபடியும் திறந்தன. திறந்து வைத்தவர் இன்னார் என்பதற்காகக் கத்திரிக்காய் கசக்குமா? அன்றைக்குப் பூட்டினபோது, கூடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து, "இது எங்கள் இடம்" என்று கேட்டிருந்தால் அவ்வளவு சுலபத்தில் பூட்டியிருக்க முடியுமா? ஒருவர் தயவால் வந்தது மற்றொருவர் கோபத்தால் போகும். உரிமை என்று உணர்ந்து கட்டிக்காத்தது போகாது.

ஆகவே, குடியானத் தோழர்கள் அட்டையை இரவல் கொடாதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். உங்கள் சந்தையில் வியாபாரி உட்கார்ந்திருந்தால் நாலுபேராகச் சேர்ந்து போய் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுத் தராசைக் கையில் எடுங்கள். தான் விளைவித்ததற்குத் தானே விலை சொல்லப் பழகியவன், நாளைக்குத் தன் கூலிக்கும், தன் ஓட்டுக்கும், தன் மானத்துக்கும் பிறத்தியான் விலை வைக்க விடமாட்டான்.