முதல் அறிக்கையை நம்பாதவன்

துப்பறியும் நாவலைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் இரண்டே கருத்துகள்தான் புழங்குகின்றன. ஒன்று, "அதெல்லாம் சின்ன வயசுல படிச்சது" என்பது. பால்பல் மாதிரி, வயது வந்தால் விழுந்துவிட வேண்டும் என்று அர்த்தம். இன்னொன்று, "செம விறுவிறுப்பு, கீழ வைக்கவே முடியல" என்பது. முதலாவதைச் சொல்பவர் மேடையில் இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் எல்.ஆர்.டி.யில் நின்றபடி கைப்பேசியில் படித்துக்கொண்டிருப்பார். இருவரும் எதிரெதிர்த் தரப்பு என்று தோன்றும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இருவரும் அந்த நாவலை ஒரு புதிர் விளையாட்டாக மட்டுமே பார்ப்பது தெரியும். ஒருவருக்கு விளையாட்டு அலுத்துவிட்டது, மற்றவருக்கு இன்னும் அலுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இந்த இரண்டு தரப்போடும் சண்டை இருக்கிறது.

புதிர்தான் ஈர்ப்பு என்றால் விடை தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திரும்ப எடுக்கக்கூடாது. ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' 1939இல் வந்தது. அதில் ஒரு கார் ஓட்டுநர் செத்துப்போகிறான். அவனைக் கொன்றது யார் என்று நாவல் தெளிவாகச் சொல்வதே இல்லை. படம் எடுத்தவர்கள் சாண்ட்லரிடம் கேட்டபோது அவருக்கே தெரியவில்லை என்றொரு பிரபலமான கதை உண்டு. இவ்வளவு பெரிய ஓட்டையோடு அந்த நாவல் எண்பது ஆண்டுகளைத் தாண்டி வாசிக்கப்படுகிறது. 1945இல் 'நியூயார்க்கர்' இதழில் துப்பறியும் கதைகளைக் கிழித்துத் தொங்கவிட்ட எட்மண்ட் வில்சன்கூட சாண்ட்லருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை காட்டினார். ஆக, புதிருக்கு வெளியே ஏதோ ஒன்று வாசகரைப் பிடித்து உட்கார வைக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

என் பதில் எளிமையானது. தனியார் துப்பறிவாளன் அதிகாரம் இல்லாதவன். போலீஸ்காரருக்குச் சீருடை உண்டு, வாரண்ட் உண்டு, பின்னால் ஓர் அரசாங்கமே உண்டு. இவனுக்கு எதுவும் இல்லை. கதவைத் தட்டலாம். திறக்க மாட்டேன் என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். யாரையும் கைது செய்ய முடியாது. சாண்ட்லரின் பிலிப் மார்லோ, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரணையாளராக இருந்து, சொன்ன பேச்சு கேட்காததால் வேலை போனவன். ஒரு நாளைக்கு 25 டாலரும் செலவும் அவன் கூலி. அந்தக் கூலிக்கு ஒரு எண்ணெய்ப் பணக்காரரின் ஆர்க்கிட் தோட்டக் கண்ணாடி வீட்டிலிருந்து ஆபாசப் புத்தகம் வாடகைக்கு விடும் கடை வரைக்கும் நடக்கிறான். நகரத்தின் மேல்தட்டும் அடித்தட்டும் எங்கே இணைகின்றன என்று அவன் காலால் நடந்து கண்டுபிடிக்கிறான். ஓர் ஊரின் வயரிங் வரைபடத்தை அந்த ஊரே மறைத்துவைத்திருக்கும்போது, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து வரைகிற வேலை அது.

வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்' (1990) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கதை நடப்பது 1948, லாஸ் ஏஞ்சலிஸ். ஈஸி ராலின்ஸ் ஒரு கறுப்பினத்தவன். போருக்குப் போய் வந்தவன். விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் கட்ட வேண்டும். காணாமல்போன ஒரு பெண்ணைத் தேட ஒரு வெள்ளைக்காரன் அவனுக்குக் காசு தருகிறான். ஏன் அவனிடம் வருகிறான்? அந்தப் பெண் போகும் கறுப்பர்களின் கிளப்புகளில் வெள்ளைக்காரன் போய்க் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஈஸி போனால் பேசுவார்கள். அதே ஈஸியை போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடிக்கவும் செய்கிறது. யார் எங்கே நுழையலாம், யார் கேட்டால் யார் பதில் சொல்வார்கள், யார் அடி வாங்குவார்கள் என்பதெல்லாம் ஒரே கதைக்குள் வந்துவிடுகிறது. இதைச் சொல்ல எத்தனை சமூகவியல் புத்தகம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். இதை டைம்பாஸ் என்றால், எதற்குத்தான் நாம் நாவல் படிக்கிறோம்?

"ஆனால் துப்பறியும் நாவல் கடைசியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறதே, அது பொய்யான ஆறுதல்தானே?" என்று ஒரு வாதம் உண்டு. கிராமத்து மாளிகையில் கொலை, நூலக அறையில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கம் என்று போகும் பழைய ஆங்கில வகைக்கு அது பெருமளவு பொருந்தும். மார்லோவுக்கும் ஈஸிக்கும் பொருந்தாது. இவர்கள் உண்மையைக் கண்டுபிடிப்பார்கள். நீதி கிடைத்துவிடாது. பல சமயம் கண்டுபிடித்ததை வெளியே சொல்லக்கூட முடியாது. தெரிந்துகொண்டவன் அந்தத் தெரிதலோடு வீட்டுக்குப் போக வேண்டும். இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது?

நான் ஒரு பொறியாளன். பழுது பார்ப்பதும் ஒரு வகைத் துப்பறிதல்தான். தொழிற்சாலைகளில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் சீக்கிரம் ஓர் அறிக்கை போயாக வேண்டும். அவசர அறிக்கைகளில் அதிகம் தென்படும் காரணம் 'ஆபரேட்டர் தவறு'. அந்த ஆபரேட்டர் பெரும்பாலும் இரவு ஷிப்டில் நிற்பவர். நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர். அறிக்கை எழுதப்படும் மொழி அவருக்குப் படிக்கத் தெரியாது. இதற்கு மாற்றாகத்தான் டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ 'ஐந்து முறை ஏன் கேள்' என்றார். இயந்திரம் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் 'ஏன்'னோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் நிற்கும்.

தனியார் துப்பறிவாளன் இரண்டாவது 'ஏன்'னிலிருந்து கதைக்குள் வருகிறவன். அவன் வருவதற்கு முன்பே முதல் அறிக்கை எழுதப்பட்டிருக்கும். போலீஸ் ஃபைலை மூடியிருக்கும், குடும்பம் ஒரு கதையை நம்பத் தொடங்கியிருக்கும், ஊர் ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு செய்திருக்கும். அவன் வந்து "இருங்க, இன்னொரு தடவை கேக்கலாம்" என்கிறான். எனக்கு இந்த வகை நாவலின் மொத்தக் கவர்ச்சியும் இந்த ஒரு செயலில் இருக்கிறது.

இப்போது ரசிகர்களிடம் வருகிறேன். தமிழில் தனியார் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் தொடங்கி, தமிழ்வாணனின் சங்கர்லால், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று பெரிய வரிசை. நம் அப்பா அம்மா தலைமுறை இந்த மாத நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும்வரை படித்தது. தமிழில் சரளமாக வாசிக்கும் பழக்கம் பலருக்கு அங்கேதான் வந்தது. அதை மறுப்பவர் நன்றி கெட்டவர். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் துப்பறியும் ஏஜென்சியின் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஏஜென்சியின் பலவீனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் இவர்களுக்கு நண்பராக இருப்பார். போன் போட்டால் தகவல் வரும். இந்த மாத வாடகை பற்றிக் கவலை இருக்காது. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ராஜேஷ்குமாரின் விவேக் நேராகவே அரசாங்க அதிகாரி. சுஜாதாவின் கணேஷ் வக்கீல் என்பதால் அவரிடம் கட்சிக்காரர், நீதிமன்றம் என்று கொஞ்சம் தரை தட்டுப்படும். மற்றபடி அதிகாரத்துக்கு வெளியே நிற்கும் துப்பறிவாளன் தமிழில் அரிது. அதிகாரத்தின் தோளில் கை போட்டபடி நடப்பவன்தான் அதிகம். அதனால்தான் விறுவிறுப்பைத் தாண்டி நமக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இனி மேடைக்காரர்கள். துப்பறியும் கதையைக் கேலி செய்யும் நம் தீவிர இலக்கியம் என்ன செய்கிறது? போட்டிகளுக்கும் இதழ்களுக்கும் வரும் மலேசியச் சிறுகதைகளை வரிசையாக எடுத்துப் படியுங்கள். குடிகார அப்பா, குண்டர் கும்பலில் சேரும் பையன், அம்மாவை முதியோர் இல்லத்தில் விடும் மகன், ஈரமில்லாத முதலாளி. முதல் பத்தியிலேயே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மீதிப் பக்கங்கள் தண்டனை அல்லது கண்ணீர். அந்தப் பையன் ஏன் கும்பலில் சேர்ந்தான் என்று கேட்டால் 'கூடாத சகவாசம்' என்று பதில் வரும். இதுவும் 'ஆபரேட்டர் தவறு' வகை அறிக்கைதான். தோட்டம் துண்டாடப்பட்டபோது அந்தக் குடும்பம் எங்கே போனது, பள்ளியிலிருந்து அவன் பெயர் எப்போது அடிக்கப்பட்டது, யார் கையெழுத்துப் போட்டது, முதல் மோட்டார் சைக்கிளை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டு நடக்கும் பாத்திரம் அந்தக் கதைகளில் இல்லை. எழுதுகிறவருக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்ததை நமக்குச் சொல்கிறார். ஃபார்முலா என்ற வசை யாருக்குப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாம் வாழும் நாட்டில் இரண்டாம் முறை கேட்பது எவ்வளவு கனமான செயல் என்று நமக்குத் தெரியாமலும் இல்லை. 2009 ஜனவரியில் 22 வயது குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் சவப் பரிசோதனை. குடும்பம் ஏற்கவில்லை. இரண்டாவது பரிசோதனை, அடிகளால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் கண்டது. 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எந்த அதிகாரமும் இல்லாத ஒரு குடும்பம் முதல் அறிக்கையை நம்ப மறுத்ததால் நடந்தது இது. துப்பறியும் நாவல் எதைப் பற்றியது என்று இனி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டின் மிகப் பிரபலமான தனியார் துப்பறிவாளர் ஒரு தமிழர். பி. பாலசுப்பிரமணியம், முன்னாள் போலீஸ்காரர். மங்கோலியப் பெண் அல்தான்துயா 2006 அக்டோபரில் கொல்லப்பட்டார். அவர் தொந்தரவு தருகிறார் என்று சொல்லி ஓர் அரசியல் ஆய்வாளர் பாலாவைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அந்த வீட்டு வாசலிலிருந்து அல்தான்துயா கடைசியாகக் கொண்டு செல்லப்பட்டபோது பாலா அங்கே இருந்தார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2008 ஜூலையில் ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டார். மறுநாளே அதை மீட்டுக்கொண்டு வேறொன்றை வெளியிட்டார். பிறகு குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். 2013இல் திரும்பி வந்து சில வாரங்களில் மாரடைப்பால் இறந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் மீண்டும் நிலைநிறுத்தியது.

செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதித் தள்ளின. அந்த இரண்டு சத்தியப் பிரமாணங்களுக்கு இடையில் இருக்கும் ஒரே ஓர் இரவை எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரு கற்பனை மனிதனின் சமையலறையில் உட்கார்ந்து எழுதிய ஒரு தமிழ் நாவலை நான் இதுவரை வாசித்ததில்லை. அமெரிக்காவில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் அவனைச் சுற்றி ஓர் அலமாரி நிறைய நாவல் வந்திருக்கும். நம்மிடம் வராததற்குக் காரணம் பயம் மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த மனிதன் நம் இலக்கியத்தின் பாத்திரப் பட்டியலிலேயே இல்லை. அவன் 'கீழான' நூல்வகையைச் சேர்ந்தவன் என்று நாமே முத்திரை குத்தி வெளியே நிறுத்திவிட்டோம்.

தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட தமிழ் மார்லோ ஒருவனைப் படைக்கச் சொல்லவில்லை. இங்கே துப்பறியும் தொழிலுக்கு 1971ஆம் ஆண்டுத் தனியார் நிறுவனச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். உரிமம் வாங்கிய ஒருவர், காப்புறுதிப் பணம் கேட்டவர் உண்மையிலேயே கால் ஒடிந்தவர்தானா என்று பார்க்கக் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக்குக் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அவருக்கு வீட்டு வாடகை இருக்கும், மலாயில் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும், மேல் மாடியில் இருப்பது தன் சித்தப்பா மகன் என்று பாதியில் தெரியவரும். கேட்கவும் வேண்டும், கேட்கவும் முடியாது. இதிலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம்.

எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக எழுதி முடித்த கதையில், எழுத உட்காரும் முன் உங்களுக்குத் தெரியாமல் இருந்தது எது? ஒன்றுமே இல்லை என்றால், அந்த ஃபைலை இன்னொரு தடவை திறங்கள்.