47 நாள் விதியும் இரவு ஷிஃப்டும்

சிஏ/பிரவுசர் ஃபோரத்தின் எஸ்சி-081வி3 தீர்மானம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. அதன்படி டிஎல்எஸ் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. இந்த இதழ் இதை ஆதரிக்கிறது. களவுபோன சாவி ஓராண்டுக்கு மேல் செல்லுபடியாவது ஆபத்து. ரத்துச் சோதனையை நம்பி இருக்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும்.

முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கும் இடங்களில் சிரமம் இல்லை. ஆக்மி கிளையன்ட் புதுப்பிக்கும், ஒரு ரீலோடில் வேலை முடியும். டாம்கேட்கூட 8.5 முதல், நிறுத்தாமலே புதுச் சான்றிதழை எடுத்துக்கொள்கிறது. ஜேவிஎம்மை ரீஸ்டார்ட் செய்தால்தான் கீஸ்டோரைத் திரும்பப் படிக்கும் பழைய நிறுவல்கள்தான் கவலை. ஆண்டுக்கு ஒருமுறை செய்த வேலையை 47 நாள் வரம்பு வந்ததும் எட்டு முறை செய்ய வேண்டும். நாற்பது சர்வர் என்றால் 320 முறை. அத்தனையும் இரவில்.

நான் ஆபரேஷன்ஸில் இருந்தபோது ஒரு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கீடூலில் இம்போர்ட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தோம். பிரவுசரில் பூட்டுக் குறி தெரிந்தது, வீட்டுக்குக் கிளம்பினோம். விடிந்ததும் பேமென்ட் லாக் முழுக்க 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு'. இன்டர்மீடியட்டைச் செயினில் சேர்க்க விட்டுப்போயிருந்தது. பிரவுசர் அதைத் தானே தேடி எடுத்துக்கொண்டது; எதிர்முனையின் ஜாவா கிளையன்ட் எடுக்கவில்லை. மெமோ வாங்கியவர் வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன இளைஞர். செய்முறைக் குறிப்பு எழுதிவைக்காத நிர்வாகத்தை யாரும் கேட்கவில்லை.

சான்றிதழின் ஆயுளை முடிவுசெய்யும்போதும் அந்த இளைஞரைப் போன்றவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. 2019இல் ஆயுளைக் குறைக்கும் தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. ஆப்பிள் தன்னிச்சையாக 398 நாள் வரம்பை அறிவித்து, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பாக்கியது. இம்முறை ஆதரவு 29, எதிர்ப்பு 0, நடுநிலை 5. வாக்களித்தவர்கள் சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும். இரவில் கீஸ்டோரைத் திறப்பவருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. ரீஸ்டார்ட் இல்லாமல் சான்றிதழ் மாற்றும் வசதியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று சர்வர் தயாரிப்பாளர்களிடம் அந்தத் தீர்மானம் கேட்கவில்லை. கெடு நமக்கு மட்டும்தான்.

எனவே இந்த மாதமே உங்கள் கீஸ்டோர்களை எண்ணுங்கள். ரீஸ்டார்ட் கேட்பவை எவை என்று தனியே குறித்து, டிஎல்எஸ்ஸை முன்னிருக்கும் புராக்ஸிக்கு மாற்றும் செலவோடு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். அந்தச் செலவை மறுக்கும் நிர்வாகத்துக்கு, காலாவதியான சான்றிதழுக்காக ஷிஃப்டில் இருந்தவருக்கு மெமோ கொடுக்கும் உரிமை இல்லை.