பையனை முதலில் அழைப்பது யார்?



சென்ற மாதம் சீத்தா கேம்பில் ஒரு வீட்டுப் பஞ்சாயத்துக்கு நம்மை அழைத்திருந்தார்கள். மீசை அரும்பாத பையன். பள்ளிக்கூடம் போவதில்லை. குடித்துவிட்டு வருகிறான். "சகவாசம் சரியில்லை" என்றார் தகப்பனார். இருக்கலாம். ஆனால் எட்டு வயதிலிருந்து அவன் கையில் காசைக் கொடுத்து பாட்டில் வாங்கிவர அனுப்பியது யார் என்று கேட்டோம். அவர் வாயே திறக்கவில்லை. இந்த மாநிலச் சட்டப்படி பீர் குடிக்கவே 21 வயது ஆகவேண்டும். கடும் மதுவகைகளுக்கு 25. சிறுவனுக்கு விற்ற கடைக்காரன் குற்றவாளிதான். அனுப்பிய கை?

தகப்பனை மட்டும் ஏசிவிட்டு எழுந்து வந்தால் அது முதலாளி பேசும் நியாயம். ஓவர்டைம் பார்க்காமல் அடுப்பு எரிவதில்லை. தாய் விடியுமுன் வீட்டு வேலைக்குப் போகிறாள். பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த பிள்ளைக்குக் கால் நீட்ட இடமில்லை, தெருவுக்குப் போகிறான். ரயில்வேயில் ஷிப்ட் பார்க்கும் நானே, என் மகன் ஒன்பதாவதில் தவறியதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிந்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

தெருவில் நிற்கும் பையனை யாராவது ஒருவர் அழைத்துக்கொள்வார். மதுவிலக்குக் காலத்தில் மாதுங்கா, தாராவிப் பக்கம் வரதராஜ முதலியாரின் சாராயத் தொழில் நம் இளைஞர்களை அழைத்துக்கொண்டது. அவர் 1988இல் சென்னையில் இறந்தார். இன்றும் அவரைப் பற்றிக் கதை கதையாய்ப் பேசுகிறோம். சரக்குச் சுமந்து லாக்கப் கண்ட பையன்களைப் பற்றி யார் பேசினோம்?

அதே காலத்தில், 1963இல், கோலார் தங்கவயலிலிருந்து இளவயதில் பம்பாய் வந்தார் ஜோக்கின் அற்புதம். தச்சு வேலை செய்தார், தெருவில் படுத்தார். இன்றைய அணுசக்தி நகரை ஒட்டியிருந்த ஜனதா காலனியில், சும்மா திரிந்த பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார். அள்ளாமல் கிடந்த குப்பையை அந்தப் பிள்ளைகளே பொட்டலம் கட்டிச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார்கள்! அதுவும் துணிச்சலான காரியம்தான். 1976இல், நெருக்கடி நிலையில், அந்தக் காலனியை இடித்து மக்களை அனுப்பிய இடம்தான் சீத்தா கேம்ப். ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது. 2018இல் மறைந்தார்.

இந்த வயதில் ரத்தம் சூடாகத்தான் இருக்கும். அடித்து அடக்கினால் வீட்டைவிட்டு ஓடுவான், அவ்வளவுதான். சாப்பிடும்போதாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினோமா?

நம் சங்க அறையில் கேரம் போர்டு இருக்கிறது. கதவில் பூட்டும் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் மாலை 6 மணியிலிருந்து 9 மணிவரை திறந்து வைக்க முடிவு செய்துள்ளோம். முறைபோட்டு உட்கார ஆள் வேண்டும். தகப்பன்மார் முதலில் பெயர் கொடுக்கவும்.